எது எதைத் தொடுகிறது: யூதர் ஆலயத் துணிகளும் நம் தையல் மேசையும்

கெடாவில் பீடோங் பக்கம் கோயில் துணி தைப்பவர்களுக்கு வரும் வேலை பெரும்பாலும் நாலு வகைதான். கருவறைத் திரை, ரதத்துக்குத் தொம்பை, குடை, வாசலுக்குத் தொங்கல். ஆடி நெருங்கினால் சுற்றியுள்ள தோட்டக் கோயில்கள் எல்லாம் ஒரே வாரத்தில் துணியைக் கொண்டுவந்து கொட்டும். இந்த வேலை தெரிந்த யாரிடமாவது யூதர்களின் ஜெப ஆலயத் திரையைப் படத்தில் காட்டிப் பாருங்கள். "நம்ம வேலைதானே இது" என்பார். கருஞ்சிவப்பு வெல்வெட், தங்கச் சரிகை, கீழே குஞ்சம், நடுவில் எழுத்து, இரண்டு பக்கமும் சிங்கம். முக்கால் பங்கு அவர் சொல்வது சரி. மீதிக் கால் பங்குக்காகத்தான் இந்தப் பதிவு.

யூதர் ஆலயம் என்றதும் ஏதோ கண்காணாத தேசத்துச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். பக்கத்துப் பினாங்கில், ஜார்ஜ்டவுனில், நாகூர் சாலையில் 1929 முதல் 1976 வரை ஒரு ஜெப ஆலயம் இருந்தது. நம் நாகூரின் பெயரைத் தாங்கிய அதே சாலைதான். அவர்களுடைய இடுகாடு இன்றும் சைனல் அபிடின் சாலையில் இருக்கிறது. அந்தச் சாலையின் பழைய பெயரே யாகூதி (யூதர்) சாலை. சிங்கப்பூரில் 1878இல் கட்டிய மகேன் அபோத், 1905இல் கட்டிய செசட்-எல் என்று இரண்டு ஆலயங்கள் இன்றும் நடக்கின்றன. கொச்சியில் 1568இல் கட்டிய பரதேசி ஆலயத்தைச் சுற்றுலா போன பலர் பார்த்திருப்பீர்கள்.

அந்த ஆலயத்தில் சிலை கிடையாது. நடுநாயகம் தோரா என்னும் தோல் சுருள். விலங்குத் தோலைப் பதப்படுத்தி, கையால் எழுதி, ஏடு ஏடாகச் சேர்த்துத் தைத்து, இரண்டு மரத் தண்டுகளில் சுற்றியது. எடை சுமார் 10 கிலோ. அந்தத் தோலை வெறுங்கையால் தொடக்கூடாது. வாசிக்கிறவர்கூட விரலை வைக்காமல் ஒரு சுட்டுகோலால்தான் வரியைக் காட்டுவார். கை தொடக்கூடாது என்றால் துணிதான் தொட வேண்டும். ஆகவே அங்கே ஒவ்வொரு துணிக்கும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இது எதைத் தொடுகிறது என்பதுதான். தேய்மானம், தையல் முறை, பழசானால் என்ன செய்வது, எல்லாவற்றுக்கும் பதில் அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது.

உள்ளிருந்து வெளியே வந்தால் வரிசை இப்படி. சுருளைச் சுற்றிக் கட்டும் பட்டி. அதற்கு மேல் போர்த்தும் அங்கி, பெயர் மெயீல். இதைத் தபால் 'மெயில்' என்று வாசித்துவிடாதீர்கள். சுருள் நிற்கும் பேழையின் முன்னால் தொங்கும் திரை, பரோகெத். திரைக்கு மேலே கம்பியை மறைக்கும் குட்டைத் தொங்கல், கப்போரெத். வாசிக்கும் மேசைக்கு ஒரு விரிப்பு. பாக்தாத், கொச்சி வழி யூதர்கள் சுருளைத் துணி அங்கியில் வைப்பதில்லை. மரத்தாலோ உலோகத்தாலோ செய்த கூட்டில் நிற்கவைத்து, நின்ற வாக்கிலேயே வாசிப்பார்கள். பினாங்கு, சிங்கப்பூர்க் குடும்பங்கள் பெரும்பாலும் அந்த வழிதான். ஆக, அங்கி தைக்கும் வேலை ஐரோப்பிய வழி ஆலயங்களுக்கு உரியது. திரை பொதுவாக எல்லாருக்கும் உண்டு.

திரையிலிருந்து தொடங்குவோம். யாத்திராகமம் 26ஆம் அதிகாரத்தில் இளநீலம், இரத்தாம்பரம், சிவப்பு நூலோடு மெல்லிய லினனும் சேர்த்துக் கூடாரத்துக்குத் திரை செய்யச் சொல்லியிருக்கிறது. இன்றைய பரோகெத்துக்குப் பெயரும் பரம்பரையும் அங்கிருந்துதான். தைத்தவர்களின் பெயரையும் அதே நூல் சொல்கிறது: பெசலெயேல், அவரோடு அகோலியாப். சித்திரத் தையல்காரர் பெயர் வேதத்தில் ஏறிய இடம் வேறு எங்கே இருக்கிறதோ!

அளவுக்கு ஓர் உதாரணம் வைத்துக்கொள்ளலாம். பேழை வாய் 120 செ.மீ. அகலம், 200 செ.மீ. உயரம். திரை இரண்டு பக்கமும் 15 செ.மீ. கூடுதலாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஓரத்தில் கதவு எட்டிப் பார்க்கும். மேலே கம்பிக்கும் மடிப்புக்கும் சேர்த்து 15 செ.மீ. விடுங்கள். கீழே படியைத் தொடாமல் 2 செ.மீ. மேலே நிற்கட்டும். ஆக 150க்கு 213. பரப்பு சுமார் 3.2 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 400 கிராம் பருத்தி வெல்வெட் என்றால் அதுவே 1.3 கிலோ. உள்ளே கான்வாஸ் 650 கிராம், பின்புறம் பருத்தி லைனிங் அரைக் கிலோ. சரிகையும் குஞ்சமும் ஒன்றரைக் கிலோ. மொத்தம் நாலு கிலோவைத் தொட்டுவிடும்.

நாலு கிலோவைப் பத்து வளையத்தில் மாட்டினால் ஆளுக்கு 400 கிராம் என்று கணக்குச் சொல்லும். துணி அந்தக் கணக்குப்படி நடக்காது. திரையை இழுக்கும்போது முதல் இரண்டு வளையம்தான் முழுப் பாரத்தையும் வாங்கும். இரண்டு வருடத்தில் அந்த மூலை மட்டும் கீழே சரிந்து, மேல் ஓரம் வாய் பிளந்து நிற்கும். நம் கருவறைத் திரைகளில் வழக்கமாகக் கிழியும் இடமும் அதே மூலைதான். வளையத்தை வெல்வெட்டிலேயே கோக்காதீர்கள். மேல் ஓரம் முழுக்க 5 செ.மீ. அகலப் பருத்தி நாடாவை, திரையின் அகலத்துக்கு ஒரே துண்டாக, இரண்டு வரிசைத் தையலில் பிடியுங்கள். வளையம் நாடாவில் ஏறட்டும். நகர்த்தவே வேண்டாத திரையென்றால் வளையத்தை விட்டுவிட்டு, நாடாவின் மேல் வெல்க்ரோ தைத்துப் பலகையில் ஒட்டுவது மேல். அருங்காட்சியகங்கள் பழைய திரைகளை இப்படித்தான் தொங்கவிடுகின்றன. பாரம் ஓரம் முழுக்கப் பரவும், கழற்றுவதும் சுலபம்.

அடுத்தது கை. தோரா வாசிப்பு திங்கள், வியாழன், சனி காலை, சனி பிற்பகல். வாரத்துக்கு நாலு. எடுக்க ஒரு தடவை, திரும்ப வைக்க ஒரு தடவை. தினமும் தொழுகை நடக்கும் ஆலயமென்றால், பண்டிகையைச் சேர்க்காமலே வருடத்தில் 416 தடவை அந்தத் திரை விலகும். கயிறு இல்லாவிட்டால் அத்தனை தடவையும் ஒரு கை அதைப் பிடிக்கும், அதுவும் எப்போதும் ஒரே இடத்தில், நின்றவர் தோள் உயரத்தில், விலகும் ஓரத்திலிருந்து ஒரு சாண் உள்ளே. அந்த இடத்தில் வியர்வையும் எண்ணெயும் ஏறி வெல்வெட்டின் மயிர் படுத்துவிடும். உள்ளங்கை அளவு வழுக்கைபோலத் தெரியும். படுத்த மயிரை நீராவி எழுப்பும், எண்ணெய் ஏறிய மயிரை எழுப்பாது. ஆகவே தைக்கும்போதே தீர்வு வைக்க வேண்டும். ஒன்று, கப்பியோடு பக்கவாட்டில் இழுகயிறு. அல்லது விலகும் ஓரத்தில் 8 செ.மீ. பட்டி ஒன்றைத் தனியாக, கைத்தையலில் மட்டும் இணைத்து வைப்பது. அழுக்கேறினால் பட்டியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். சில தைப்பவர்களுக்கு இது அழகைக் கெடுப்பதாகத் தோன்றும். வழுக்கை விழுந்த திரை அதைவிட அழகா என்ன?

வெல்வெட்டில் மயிர் எந்தப் பக்கம் படுக்கிறது என்று பார்க்காமல் கத்தரி வைக்கக்கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். எந்தப் பக்கம் வைப்பது என்பதில்தான் வழக்கு. மேல்நோக்கி வைத்தால் நிறம் ஆழமாகத் தெரியும், அதற்காகக் கல்யாண மேடைத் துணிக்கு அப்படி வெட்டுவார்கள். பரோகெத்துக்குக் கீழ்நோக்கித்தான் வைக்க வேண்டும். தூசு தங்காது, கை தடவும் திசையும் மயிர் திசையும் ஒன்றாக இருக்கும். இணைப்புகள் எல்லாம் ஒரே திசையில் இருக்க வேண்டும். ஒன்று மாறினால் பகலில் தெரியாது, விளக்குப் போட்டதும் இரண்டு நிறத் துணிபோல் காட்டிக்கொடுக்கும்.

தைக்கும்போது மேல் துணி முன்னால் நழுவும். ஊசி குத்திப் பிடித்தால் போதாது. தையல் கோட்டுக்கு இரண்டு பக்கமும் கையால் ஓட்டுத்தையல் போட்டு, மயிர் படுக்கும் திசையிலேயே 3 மி.மீ. தையலில் ஓட்டுங்கள். 90ஆம் நம்பர் ஊசி, அழுத்தும் பாதம் தளர்வாக. முகப்பக்கம் இஸ்திரிப் பெட்டி படவே கூடாது. தடித்த துண்டின் மேல் முகம் கீழாகப் போட்டு, பின்பக்கமிருந்து ஆவி மட்டும்.

கீழ் மடிப்பை உடனே தைக்காதீர்கள். திரையை மூன்று நாள் தொங்கவிடுங்கள். வெல்வெட் தன் பாரத்திலேயே இறங்கும், அதுவும் ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைய. அதன்பின் தரையிலிருந்து அளந்து வெட்டுங்கள். லைனிங் 2 செ.மீ. குட்டையாக இருக்கட்டும். பருத்தி வெல்வெட்டுக்குப் பாலியெஸ்டர் லைனிங் போட்டால் நம் ஈரக்காற்றில் ஒன்று நீண்டு சுருங்கும், மற்றது அசையாது. ஆறு மாதத்தில் அடிப்பக்கம் பை பையாக உப்பி நிற்கும். பருத்திக்குப் பருத்தி. லைனிங்கை 30 செ.மீ. இடைவெளியில் தளர்வான கைத்தையலால் உள்துணியோடு பூட்டுங்கள், இறுக்கினால் முகத்தில் குழி விழும்.

கப்போரெத் சின்ன வேலைதான், ஆனால் பெயர் பெரியது. உடன்படிக்கைப் பெட்டியின் மூடிக்கு, தமிழ் வேதாகமம் கிருபாசனம் என்கிறதே, அதற்கு எபிரேயத்தில் இதே பெயர். நாக்கு நாக்காக வெட்டிய தொங்கலில் ஒரே ஒரு குறை அடிக்கடி வரும்: நாக்குகள் முன்பக்கம் சுருண்டு லைனிங்கைக் காட்டும். லைனிங்கை முகத்துணியைவிட 2 மி.மீ. சிறிதாக வெட்டித் தைத்தால் நுனி பின்பக்கம் வளையும். வாசமாலை, தொம்பை தைப்பவர்களுக்கு இது பழகிய தந்திரம்.

இப்போது சரிகை. உலோகச் சரிகையைத் துணிக்குள் நுழைத்து இழுத்தால் மேல்பூச்சு உரிந்து, உள்ளே இருக்கும் பருத்தி தலைகாட்டும். மேலே படுக்கவைத்து, மெழுகு தடவிய பட்டு நூலால் 3, 4 மி.மீ.க்கு ஒரு பிடி போட்டு, அடுத்த வரிசையின் பிடி செங்கல் அடுக்குபோல் இடைவிட்டு விழ வேண்டும். நுனி மட்டும் தடித்த ஊசியால் பின்பக்கம் இறங்கும். துருக்கியின் பழைய வேலைகளில் அட்டையை வடிவமாக வெட்டி வைத்து அதன் மேல் சரிகை படுக்கவைப்பார்கள். உஸ்மானியர் காலத்தில் இப்படி வேலை செய்த வெல்வெட் கல்யாண உடைகளைப் பெண்கள் ஆலயத்துக்குக் கொடுக்க, அவை பிரித்துத் திரைகளாகத் தைக்கப்பட்டன. உடை உடையாகவே தெரியக்கூடாது, பிரித்து வடிவம் மாற்றித்தான் ஆலயத்துக்கு ஏற்க வேண்டும் என்று சட்டம் பார்க்கும் ரபிகள் சொல்வார்கள். அத்தகைய திரைகளைக் கூர்ந்து பார்த்தால் பூக்கொடி சில இடங்களில் பக்கவாட்டில் போகும், ஏனென்றால் அது பாவாடைக்காகப் போட்ட கொடி. நம் ஊரில் அட்டை வைப்பது வேண்டாம். ஈரத்தில் அட்டை ஊறிக் குழையும், பழுப்பு நிறம் மேலே கசியும். செயற்கைப் ஃபெல்ட் போதும். கம்பளி ஃபெல்ட்டில் கந்தகம் உண்டு, வெள்ளிச் சரிகை கறுத்துவிடும். சுருட்டிய துணிக்கு ரப்பர் வளையம் போடுவதும் அதே காரணத்தால் தப்பு. ரப்பரைப் பதப்படுத்தச் சேர்ப்பது கந்தகம்தான். பால்மரத்தை நம்பி வளர்ந்த ஊரிலிருந்து இதை எழுத வேண்டியிருக்கிறது!

எழுத்து விஷயத்தில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். எபிரேயம் வலமிருந்து இடம். பின்பக்கம் வைத்து வரைந்தால் கண்ணாடி பிம்பமாக விழும், எபிரேயம் தெரியாதவருக்கு அது தெரியவும் தெரியாது. முகப்பக்கமே மாதிரியை வைத்து, ஆரம்ப முனையில் ஒரு சிவப்பு நூல் குறி போட்டுவிடுங்கள். அதைவிடப் பெரிய ஆபத்து ஒத்த எழுத்துகள். தாலெத், ரேஷ் இரண்டும் மேலே ஒரு கோடு, வலப்பக்கம் ஒரு கால். தாலெத்தின் மூலை கூராக வெளியே நீட்டியிருக்கும், ரேஷின் மூலை உருண்டையாக இருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். நெருக்கமான நிரப்புத் தையல் துணியைத் தன் பக்கம் இழுக்கும், இழுத்ததும் முதலில் மழுங்குவது அந்த மூலைதான். 'எகாத்' என்றால் ஒருவர். கடைசி எழுத்தின் மூலை மழுங்கினால் 'அகேர்', வேறொருவர். இறைவன் ஒருவரே என்ற அறிக்கையில் இது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இன்னொரு ஜோடி ஹே, ஹெத். ஹேயின் இடக்காலுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவே இடைவெளி உண்டு, ஹெத்தில் இல்லை. 4 செ.மீ. உயர எழுத்தென்றால் அந்த இடைவெளியை 2 மி.மீ.க்குக் குறையாமல் வையுங்கள், வெல்வெட் மயிர் மூடிவிடும்.

நமக்கும் இதே கதைதான். வெல்வெட்டில் புள்ளி முழுகிப்போனால் சக்தி சகதியாகிவிடும். நீரில் கரையும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை மேலே பரப்பி அதன் மேல் தைத்தால் மயிர் அமுங்கிப் புள்ளியும் மூலையும் மேலே நிற்கும். தாளை நனைத்துக் கரைக்காமல் கிழித்தெடுங்கள், மிச்சத்தை ஈரத்துணியால் ஒற்றினால் போதும். வெல்வெட்டை நனைத்தால் தடம் விழும்.

இறைவனின் திருப்பெயரை முழுதாகத் துணியில் தைக்க மாட்டார்கள், சுருக்கக் குறி போடுவார்கள். முழுப்பெயர் ஏறிய துணியைப் பிறகு எங்கும் போட முடியாது. வருடத்தையும் எழுத்தாலேயே எழுதுவார்கள். தாவ் 400, ஷின் 300, பே 80, வாவ் 6. கூட்டினால் 786. ஆயிரத்தை விட்டுவிடுவது வழக்கம், ஆக அது 5786, ஆங்கிலக் கணக்கில் 2025 செப்டம்பரில் பிறந்த வருடம். நம்மூர் மாமாக் கடை (தமிழ் முஸ்லிம் உணவுக்கடை) பலகையில் பார்க்கும் எண்ணேதான், தற்செயல். சில திரைகளில் ஒரு வேத வாக்கியத்தில் சில எழுத்தின் தலையில் மட்டும் புள்ளி வைத்து, அவற்றைக் கூட்டினால் வருடம் வரும்படி செய்வார்கள். புள்ளியை அழகுக்கு வைத்தது என்று நினைத்து ஒன்றை விட்டால் வருடமே மாறிவிடும். கொடுத்தவர் பெயரும் ஊரும் தைத்த பழைய திரைகள், ஊரே அழிந்த பின்பும் சாட்சியாக நிற்கின்றன. இன்றைய செக் நாட்டின் பொஹீமியா, மொராவியா யூதர் ஊர்களிலிருந்து நாஜிகள் காலத்தில் குவிந்த துணிகள் பிராக் யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அங்கே சேர்ந்த சுருள்களில் 1,564 சுருள்கள் 1964இல் லண்டனுக்குப் போயின.

அங்கிக்கு வருவோம். வடிவம் எளிது: முன்னும் பின்னும் இரண்டு துண்டு, பக்கங்களில் தையல், அடி திறப்பு, மேலே கெட்டியான தட்டு, அதில் தண்டுகள் வெளியே வர இரண்டு துளை. எல்லாரும் தப்பு செய்வது அந்தத் துளைகளில்தான். சுருளின் ஆரம்பத்தில் தோல் எல்லாம் ஒரு தண்டில், கடைசியில் எல்லாம் மறு தண்டில். நடுவில் இரண்டிலும் சரிபாதி. முழுத் தோலும் ஒரு தண்டில் இருக்கும்போது அந்தச் சுற்றின் ஆரம் 7.5 செ.மீ., வெறும் தண்டின் ஆரம் 2 செ.மீ. என்று வைத்தால், தண்டுகளின் மையங்களுக்கு நடுவே 9.5 செ.மீ. பாதிப் பாதியாக இருக்கும்போது ஆளுக்கு 5.5, மைய இடைவெளி 11. ஒன்றரை செ.மீ. வித்தியாசம்! சுற்றளவு 52இலிருந்து 56.5க்கு ஏறும். தண்டில் பெரிய மர வட்டு இருந்தால் வித்தியாசம் குறையும், ஆனாலும் இருக்கும். தொடக்கமான ஆதியாகமத்தில் நிற்கும் சுருளை அளந்து உருண்டைத் துளை போட்டவருடைய அங்கி, நடுப்பகுதியான லேவியராகமம் வரும்போது இறங்காது. பலவந்தமாக இறக்குவார்கள், துளையோரம் கிழியும். ஆகவே சுருள் பாதியில் நிற்கும்போது அளவெடுங்கள், முடியாவிட்டால் மேலே சொன்ன கணக்கைப் போடுங்கள். சுற்றளவுக்கு 6 செ.மீ. தளர்வு. துளை உருண்டையாக இல்லாமல் நீள்வட்டமாக, தண்டின் தடிமனைவிட நீளவாக்கில் 3 செ.மீ. கூடுதல்.

மேல்தட்டுக்கு 3 மி.மீ. பிளைவுட் போதும். ஓரத்தை உப்புத்தாளால் உருட்டி, துளையோரத்தில் மெல்லிய தோல் அல்லது தடித்த நாடா கட்டுங்கள், மரம் மோதும் இடம் அது. அடிக்குஞ்சம் நீளமாக இருந்தால் சுருளைப் பேழையில் வைக்கும்போது அடியில் மாட்டிக்கொண்டு சுருள் சாயும். 3 செ.மீ.க்கு மேல் குஞ்சம் வேண்டாம். அங்கியின் உள்பக்கம் வழுவழுப்பான பருத்தி. சரிகையின் பின்பக்க முடிச்சுகள் எதுவும் தோலில் உரசக்கூடாது, உரசினால் மை உதிரும்.

தோலையே கட்டிப்பிடிக்கும் துணி பட்டிதான். ஜெர்மன் வழி யூதர்களிடம் விம்பெல் என்ற வழக்கம் உண்டு. ஆண் குழந்தைக்கு எட்டாம் நாள் விருத்தசேதனத்தின்போது சுற்றிய லினன் துணியைத் துவைத்து, நாலு கீற்றாக வெட்டி, தலைக்கு வால் இணைத்து, குழந்தையின் பெயர், தகப்பன் பெயர், பிறந்த நாள், தோராவுக்கும் கல்யாணப் பந்தலுக்கும் நற்செயல்களுக்கும் வளரட்டும் என்ற வாழ்த்து, இவற்றைத் தைத்து ஆலயத்துக்குக் கொடுப்பார்கள். பாட்டி சேலையில் தூளி கட்டிய வீடுகளுக்கு இது எளிதில் புரியும். 80 செ.மீ. சதுரத் துணியில் 20 செ.மீ. அகலத்தில் நாலு கீற்று. சேர்த்தால் தையல்போக மூன்று மீட்டருக்கு மேல் வரும். இணைப்பு புடைக்கக்கூடாது, புடைத்தால் தோலில் வரியாகப் பதியும். இரண்டு ஓரத்தையும் ஒன்றுக்குள் ஒன்று மடித்துப் படுக்கவைத்துத் தட்டையாகத் தையுங்கள். சுற்றும்போது இறுக்கக்கூடாது, ஒரு விரல் நுழைய வேண்டும். இப்போது வரும் வெல்க்ரோ பட்டிகளில் கொக்கிப் பக்கம் எப்போதும் வெளியே பார்க்கும்படி இருக்கட்டும்.

மேசை விரிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சாய்வு மேசை, அதில் பத்துக் கிலோ சுருள், வழுக்கும் வெல்வெட். அடியில் பருத்தி ஃபிளானல் வைத்தால் நிற்கும். நடுப்பகுதியில் சரிகையோ மணியோ வேண்டாம், வேலை எல்லாம் முன் தொங்கலில் இருக்கட்டும். கல்யாணப் பந்தலான குப்பா நம் மேற்கட்டிபோல நாலு கம்பில் நிற்பது. நாலு மூலைக்கும் முக்கோண ஒட்டுத்துணி கொடுத்தால் போதும்.

துணி வாங்கப் போகும்முன் ஒரு விலக்கு: கம்பளியும் லினனும் சேரக்கூடாது. இது உடைக்கான சட்டம், லேவியராகமம் 19, உபாகமம் 22. தொங்கும் திரைக்கு என்ன என்று கேட்டால், யூதர்களின் பழைய சட்ட விளக்க நூலான தல்மூதில் ஒரு பதில் இருக்கிறது. வேலையாள் சில நேரம் திரையைச் சுற்றிக் குளிர் காய்வான், அப்போது அது உடைதானே! எழுதியவர் ஆலய வேலையாட்களை நன்றாகவே கவனித்திருக்கிறார். நடைமுறையில் சிக்கல் முகத்துணியில் வராது, உள்ளே போடும் கான்வாஸிலும் ஃபெல்ட்டிலும் வரும். கோட்டுக்குப் போடும் கான்வாஸில் லினன் இருக்கலாம், ஃபெல்ட்டில் கம்பளி இருக்கலாம். இரண்டும் பருத்தி அல்லது செயற்கை என்று உறுதி செய்துகொண்டு வாங்குங்கள்.

நிறத்தில் கவனிக்க வேண்டிய வழக்கம் ஒன்றுதான். புத்தாண்டு, பாவநிவாரண நாள் காலத்துக்குப் பல ஆலயங்களில் எல்லாமே வெள்ளை. திரை, அங்கி, விரிப்பு, எல்லாம் ஒரு செட். அந்தச் செட் வருடத்தில் பதினொரு மாதம் பெட்டியில் கிடக்கும், மஞ்சளாவது அங்கேதான். எருசலேம் ஆலயம் இடிந்த துக்க நாளை ஆபிப் மாதம் ஒன்பதாம் நாள் என்று சிலர் எழுதுகிறார்கள். அது ஆப் மாதம் ஒன்பது. அன்று பல இடங்களில் திரையையே கழற்றிவிடுவார்கள். அதனால்தான் சுலபமாகக் கழற்றும் வசதி வேண்டும் என்று மேலே சொன்னது.

பழசானால்? இங்கேதான் நம் வழக்கமும் அவர்கள் வழக்கமும் நேர் எதிர். அம்மனுக்குச் சாத்திய புடவை பிரசாதமாக இறங்கி வீட்டுக்கு வரும், அதைக் கட்டிக்கொள்வது பாக்கியம். அங்கே புனிதம் ஏறலாம், இறங்கக்கூடாது. அவர்களுடைய பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் மெகில்லா பகுதியில் படிவரிசையே இருக்கிறது. ஊர்ச் சதுக்கத்தை விற்றால் அந்தக் காசில் ஆலயம் வாங்கலாம். ஆலயத்தை விற்றுப் பேழை. பேழையை விற்றுச் சுருளின் உறைத்துணி. துணியை விற்று மற்ற வேத நூல்கள். அவற்றை விற்றுத் தோரா. திருப்பிச் செய்ய முடியாது. பேழையைவிடத் துணி ஒரு படி மேலே என்பதைக் கவனியுங்கள். பேழை துணியைத்தான் தொடுகிறது, துணி சுருளைத் தொடுகிறது.

திரை எந்தப் படி என்று ராவா என்னும் ரபிக்கே சந்தேகம் இருந்திருக்கிறது. திரை பேழைக்குத் துணை, பேழை சுருளுக்குத் துணை, ஆகத் துணைக்குத் துணைதானே என்று முதலில் நினைத்தாராம். ஆலயத்தில் திரையை மடித்து அதன் மேல் சுருளை வைப்பதைப் பார்த்த பிறகு முடிவை மாற்றிக்கொண்டார். சுருள் தொட்ட திரைக்கும் உறைத்துணியின் மரியாதைதான். நன்கொடை ஏற்கும்போதே நிபந்தனை சொல்லி வைத்தால் வேறு பயனுக்கு மாற்றலாம் என்ற வழியும் உண்டு, அதனால் தைக்கக் கொடுக்கும்போதே இதைக் கேட்டுக்கொள்வது நல்லது. கந்தலான உறைத்துணியைக் குப்பையில் போடாமல் பத்திரப்படுத்திப் புதைப்பார்கள். தல்மூத் இன்னொரு வழியும் சொல்கிறது: எடுத்துப் புதைக்க நாதியற்ற பிணத்துக்கு அதைக் கோடித்துணியாக உடுத்தலாம், அதுவே அந்தத் துணியைப் பத்திரப்படுத்தியதாகும்.

உயிரோடு இருக்கும் துணியைப் பத்திரப்படுத்த நம் ஊரில் எதிரி ஈரம். காற்றின் ஈரம் 65 சதவிகிதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் தொடங்கும், கெடாவில் மழைக்காலம் முழுக்க அதைத் தாண்டித்தான் இருக்கும். வெல்வெட்டை மடிக்காதீர்கள், மடித்த கோடு போகாது. 10 செ.மீ. குழாயில் பருத்தித் துணி சுற்றி, அதன் மேல் முகம் வெளியே பார்க்கும்படி சுருட்டுங்கள். கனமான சரிகை வேலை என்றால் சுருட்டாமல் தட்டையாகப் பரப்பி வையுங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளே பூட்டும், துவைத்து வெளுத்த பழைய வேட்டிதான் சரியான உறை. அந்துருண்டை துணியில் நேரே படக்கூடாது. மாதம் ஒரு தடவை வெயில் படாத இடத்தில் விரித்துக் காற்றாடவிட்டு, பின்பக்கத்தை முகர்ந்து பாருங்கள். பூஞ்சணம் கண்ணுக்குத் தெரியும்முன் மூக்குக்குத் தெரியும்.

கடைசியாக, கீழ் மடிப்புக்குள் ஒரு பருத்தி நாடா. அதில் அழியாத மையால் முகத்துணி, உள்துணி, லைனிங், நூல், ஃபெல்ட் எல்லாம் என்னென்ன என்று எழுதித் தைத்துவிடுங்கள். இருபது வருடம் கழித்து அந்தத் திரையைப் பிரிக்கிறவர், உள்ளே கம்பளியா லினனா என்று நூலைக் கொளுத்திப் பார்க்க வேண்டியிருக்காது.